முதலில் பேசுகிறவரின் மொழி

நான் வேலைக்குப் போகும் பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரையும் இரண்டு தடவை சொல்லும். முதலில் ஜெர்மனில் ஒரு பெண்குரல், ‘சென்ட்ரால்பிளாட்ஸ்’ என்னும். மூச்சு விடுவதற்குள் பிரெஞ்சில் ‘பிளாஸ் சென்ட்ரால்’ என்று வரும். வந்த புதிதில் என் கணவர் இறங்கவேண்டிய இடத்தை ஜெர்மனில் எழுதித் தந்திருந்தார். அந்தப் பெயர் கேட்டதும் எழுந்தேன். அடுத்த பெயர் கேட்டதும், இது வேறு இடம் போலிருக்கிறது என்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பஸ் என்னை ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோய் விட்டது. குளிரில் நின்றுகொண்டு, ஒரு இடத்துக்கு இரண்டு பெயர் வைத்த ஊரை நன்றாகத் திட்டினேன். தமிழில் திட்டியதால் யாருக்கும் வலிக்கவில்லை.

ஊருக்கே இரண்டு பெயர்தான். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் கலந்து வாழும் நகரம் இது. முன்னவர்களுக்கு இது பீல், பின்னவர்களுக்கு பியென். வீதிப் பலகையில் இருந்து குப்பைத் தொட்டி வரைக்கும் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவருடைய மொழியிலேயே மற்றவர் பதில் சொல்ல வேண்டும். பாண் கடையில், அதுதான் பேக்கரியில், நீங்கள் ‘போன்ஷூர்’ என்றால் கடைக்காரி பிரெஞ்சில் பேசுவாள். உங்களுக்குப் பின்னால் நிற்பவர் ‘க்ரூயெசெக்’ என்று தொடங்கினால் அதே முகத்தோடு ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். முதலில் இதைக் கேட்டபோது கதை விடுகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணால் பார்த்தபிறகு வயிறெரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

இலங்கையில் எங்கள் மாத்தளையிலும் இந்த வழக்கம் இருக்கிறதே என்று யாராவது வாதாடலாம். கண்டி பஸ்ஸில் கொண்டக்டர் சிங்களத்தில் கேட்பார், நான் சிங்களத்தில் பதில் சொல்வேன். ஆனால் நான் முதலில் பேசினாலும் சிங்களத்தில்தான் பேசுவேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை. மாத்தளை டவுனில் வளர்ந்த தமிழருக்கு நாக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். மார்க்கெட்டில், தபால் கந்தோரில், ஆஸ்பத்திரியில் எல்லாம் அப்படித்தான். வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்தபிறகுதான் நாக்கு தன் இடத்துக்குத் திரும்பும். அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை, இங்கே வந்து அந்தப் பாண் கடையில் வரிசையில் நிற்கும் வரைக்கும்.

கல்யாணம் கட்டி இங்கே வருவதற்கு முன் நான் ஆங்கில ஆசிரியை. காலையில் மாத்தளையில் பஸ் ஏறி நாவுலப் பக்கத்தில் ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். சிங்களப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழச்சி ஆங்கிலம் படிப்பிப்பாள், விளக்கம் எல்லாம் சிங்களத்தில். பின்னேரம் திரும்பி வந்து டவுனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டியூஷன், விளக்கம் தமிழில். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பாடப் புத்தகம், ஒரே பயிற்சி, ஒரே பயம். நாட்டின் சட்டத்தில் ஆங்கிலத்துக்கு இணைப்பு மொழி என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் வேறு. ‘கடுவ’ என்பார்கள். சிங்களத்தில் வாள் என்று அர்த்தம். யாராவது ஒருவன் வகுப்பில் எழுந்து நாலு வார்த்தை ஒழுங்காக ஆங்கிலத்தில் பேசிவிட்டால், அவன் வாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று பின்வரிசை சிரிக்கும். தமிழ்ப் பிள்ளைகளும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அந்த விஷயத்தில் மட்டும் நாட்டில் நல்ல ஒற்றுமை.

எழுதச் சொன்னால் எழுதுவார்கள். பரீட்சையில் நல்ல புள்ளி எடுப்பார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் மேசையைப் பார்ப்பார்கள். ஒருநாள் கோபம் வந்து, “ஏன் பிள்ளை பேசமாட்டேங்கிறீங்க” என்று டியூஷனில் ஒரு பெண்ணைக் கேட்டேன். “வெள்ளக்காரங்க வந்தா பேசுவோம் மிஸ். இவ எங்க பக்கத்து வீடு. இவகிட்ட எப்படி மிஸ் இங்கிலீஷ்ல பேசுறது” என்றாள் அவள், பக்கத்தில் இருந்தவளைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாடத்தைத் தொடர்ந்தேன்.

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சமையல்காரர் ஊர்ஸ் ஜெர்மன் பேசுகிறவர். காய்கறி வெட்டும் ஷந்தால் பிரெஞ்சுக்காரி மாதிரிப் பேசுவாள், ஆனால் பிறந்தது இங்கேதான். இருவரும் மேற்படி வழக்கத்தின்படி நடப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை வந்தால் இருவரும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் என்ன ஆங்கிலம். வினைச்சொல் ஒரு பக்கம் ஓடும், காலம் ஒரு பக்கம் ஓடும். என் பின்வரிசைப் பிள்ளைகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவர்கள் இருவருக்கும் அதில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. நீங்கள் உங்கள் மொழியிலேயே பேசலாமே, இதென்ன மூன்றாவது மொழி என்று ஜெர்மனில் கேட்டேன். இப்படியென்றால் இரண்டு பேருக்கும் சமமாகக் கஷ்டம், அதுதான் நியாயம் என்றாள் ஷந்தால். பிறகு, உன் நாட்டிலும் இரண்டு மொழிதானே, நீங்களும் இப்படித்தானே என்று கேட்டாள். இல்லை, நாங்கள் அவர்களுடைய மொழியில் பேசுவோம் என்றேன். அவர்களும் உன் மொழியில் பேசுவார்கள் இல்லையா என்றாள். சிலர் பேசுவார்கள் என்றேன். அப்படியானால் எங்களைப் போலத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு கரட் தோலைச் சீவத் தொடங்கினாள். அப்படி இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும். ஏன் இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தெரியாது.

என் அண்ணன் மாத்தளையிலேயே இருக்கிறார். தம்புள்ளை ரோட்டில் டூரிஸ்ட்காரர்களுக்காக நடத்தும் ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் கைடு வேலை. கறுவாப் பட்டையை உரித்துக் காட்டுவார், சாதிக்காயை உடைத்து மோந்து பார்க்கக் கொடுப்பார். அவருக்கு ஒரே மகள், நிலானி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அவள் எனக்கும் மகள்தான். மாத்தளையில் தமிழ் மீடியத்தில் படித்தாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கெம்பஸுக்கு, போனாள். அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். முதல் வருடம் ஆங்கிலம் என்றே தனியாக ஒரு பாடம், அதைப் பாஸ் பண்ணாமல் டிகிரி கிடையாது.

அண்ணன் போன் எடுத்தார். “மாலா, ஞாயித்துக்கிழமையில புள்ளகிட்ட கொஞ்சம் இங்கிலீஷ்லயே பேசு. நீ டீச்சர், அதோட வெளிநாட்டுல வேற இருக்க.”

“அண்ணே, இங்க ஜெர்மனும் பிரெஞ்சும்தான். இங்கிலீஷ் பேசி எனக்கு எவ்வளவோ காலமாச்சு.”

“சும்மா சொல்லாத. சுவிஸ்காரன், ஜெர்மன்காரன் எல்லாம் கார்டனுக்கு வர்றான். அத்தன பேரும் எங்கிட்ட இங்கிலீஷ்லதான பேசுறான்.”

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவர் பார்த்த சுவிஸ்காரர்கள் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான். விமானத்தில் ஏறி வந்து ஒரு கைடுக்கு முன்னால் நிற்கும் எந்த நாட்டுக்காரனும் ஆங்கிலத்தில்தான் பேசுவான். அதே ஆட்கள் தங்கள் ஊரில் எப்படி இருப்பார்கள் என்பதை மாத்தளையில் நின்றுகொண்டு எப்படிப் பார்ப்பது. வெளிநாடு என்றால் ஆங்கிலம் என்று நம் ஆட்கள் நம்புவதை நான் பல தடவை கேலி செய்திருக்கிறேன். அண்ணனிடம் கேலி செய்ய வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசத் தொடங்கினோம். ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பேன். “யெஸ் அத்தை” என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் “ரைஸ் அத்தை”. அதற்குமேல் ஒரு அடி நகராது. என் பக்கமும் லட்சணமில்லை. ஆங்கிலச் சொல்லைத் தேடி உள்ளே போனால் ஜெர்மன் சொல் முன்னால் வந்து நிற்கும். ஒருகாலத்தில் கரும்பலகை நிறைய எழுதிய எனக்கு, ‘ஆனால்’ என்பதற்கு ‘ஆபர்’ என்றுதான் வாயில் வந்தது. நிலானி கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள், நல்ல பிள்ளை. கொஞ்ச நேரத்தில் இருவரும் களைத்துப்போய் தமிழுக்கு வந்துவிடுவோம். அப்புறம் போனை வைக்க மனம் வராது.

தமிழில்தான் எனக்கு விஷயம் எல்லாம் தெரிய வந்தது. ஆங்கிலப் பாடத்துக்கு ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்திருந்தார்கள். எல்லா மொழிக்காரரும் கலந்து இருக்கவேண்டும் என்று லெக்சரர் அம்மா வேண்டுமென்றே அப்படிப் பிரித்தாராம். நல்ல எண்ணம்தான். நிலானியின் குழுவில் இமேஷாவும் இன்னொரு சிங்களப் பிள்ளையும், கிளிநொச்சி யாழினி, கல்முனையில் இருந்து ஒரு முஸ்லிம் பிள்ளை. சிங்களப் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் தெரியாது. கிழக்கிலும் வடக்கிலும் இருந்து வந்த இருவருக்கும் சிங்களம் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் மாத்தளைக்காரி ஒருத்திதான்.

“நான் வாய மூடினா குரூப்பே ஊமையாயிடும் அத்தை. இந்தப் பக்கம் இமேஷா ‘மொகத கிவ்வே’ன்னு கேப்பா, அந்தப் பக்கம் யாழினி ‘என்னவாம்’னு கேப்பா. கென்டீன்ல டீ சொல்றதுல இருந்து எல்லாத்துக்கும் நான்தான்.”

“இங்கிலீஷ்லயே பேசிக்கலாமே. இங்கிலீஷ் குரூப்தானே.”

“அதுதான் யாருக்கும் முடியல. இவங்க முன்னாடி அவங்களுக்கு வெட்கம், அவங்க முன்னாடி இவங்களுக்கு வெட்கம். நான் இருக்கேன்தானே, அதனால அவசியமும் இல்ல.”

அவள் அதைச் சலிப்போடு சொல்லவில்லை. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவர்கள் அவளை மிகவும் நேசித்தார்கள். இமேஷா தன் வீட்டில் செய்த கொக்கிஸ் பலகாரம் கொண்டுவந்து முதலில் அவளுக்குத்தான் கொடுப்பாளாம். யாழினி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் ஒபிசுக்கே போவாளாம். யாருக்கும் யார் மேலும் ஒரு கோபமும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இந்தக் கதையில் குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அப்படி ஒருவரும் இல்லை என்பதுதான்.

ஒரு ஞாயிறு, பேச்சு வாக்கில் பீல் ஊரின் வழக்கத்தைச் சொன்னேன். முதலில் பேசுகிறவரின் மொழியில் மற்றவர் பதில் சொல்வது, ஊர்ஸும் ஷந்தாலும் சண்டைக்கு ஆங்கிலத்துக்குத் தாவுவது எல்லாம் சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் அவளே ஆரம்பித்தாள்.

“அத்தை, உங்க ஊரு சட்டத்த எங்க குரூப்ல போட்டுப் பார்த்தோம். நம்ம ஆளுங்களுக்கு மத்தவங்க பாஷை தெரியாதுதானே, அதனால இங்கிலீஷ்னு முடிவு பண்ணினோம். யார் முதல்ல பேசுறாங்களோ அவங்களுக்கு மத்தவங்க பதில் சொல்லணும். நான் மொழிபெயர்க்கக் கூடாது.”

“நல்லதுதானே. என்ன நடந்துச்சு?”

“யாரும் ஆரம்பிக்கல.”

லைப்ரரிக்குப் பக்கத்து மரத்தடியில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முதலில் சிரித்தார்களாம். பிறகு சிரிப்பும் நின்று போனதாம். கடைசியில் இமேஷா, “நிலானி, ஒயா கியன்ன” என்றாளாம், நீயே சொல்லு என்று. யாழினியும் அதே நேரம் அவள் தோளைத் தட்டினாளாம். அவள் சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பேசத் தொடங்கினாள். எல்லோருக்கும் உயிர் வந்தது.

வருடக் கடைசியில் குழுவாக ஒரு பிரசன்டேஷன் செய்யவேண்டியிருந்தது. ஊர்க் குப்பையை என்ன செய்வது என்பது தலைப்பு. ஒவ்வொருவரும் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பேசவேண்டும். நிலானி எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தாள். நம் பிள்ளைகள் எப்போதும் செய்கிற மாதிரிப் பாடமாக்குவதுதான் வழி. உச்சரிப்புக்குப் பயந்த இமேஷாவுக்கு ஆங்கிலச் சொல்லுக்கு மேலே சிங்கள எழுத்தில் எழுதினாள். யாழினிக்குத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்லித் திருத்தினாள். தன்னுடைய கடைசிப் பகுதியை மட்டும் எழுதவில்லை. விஷயம் எல்லாம் தலைக்குள் இருக்கிறது, எழுந்து நின்றால் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அதை முன்கூட்டியே சொன்னாள். சொன்னபோது, இவளாவது பாடமாக்காமல் பேசப்போகிறாளே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அன்று நடந்ததை அவள் உடனே சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு போன் எடுக்கவே இல்லை. பிறகு சொன்னாள். நாலு பேரும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்களாம். அவள் பேசவேண்டிய நேரத்தில் லெக்சரர் அம்மா ஒரு கேள்வி போட்டார். உங்கள் ஊரில் இந்தத் திட்டத்தை யார் எதிர்ப்பார்கள், ஏன் எதிர்ப்பார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாலு பேரும் நிலானியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேள்வியைச் சொன்னாள், இந்தப் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். அவர்கள் சொன்ன பதில்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, லெக்சரர் சிங்களப் பெண் என்பதால், சிங்களத்தில் அழகாகச் சொல்லி முடித்தாள். வகுப்பே சிரித்துவிட்டது.

“மிஸ் கோவப்படல அத்தை. ‘யூ அண்டர்ஸ்டுட் எவ்ரிதிங், நவ் சே இட் இன் இங்கிலீஷ்’னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.”

“சொல்லியிருக்கலாமே நிலானி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“மிஸ்ஸுக்குச் சொல்லலாம். இமேஷாவும் யாழினியும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க முன்னாடி நான் இங்கிலீஷ்ல பேசினதே இல்ல. திடீர்னு பேசினா நான் வேற யாரோ மாதிரி இருக்கும்.”

அவள் பேசாமல் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்காரலாம் என்றார் லெக்சரர். ஒப்பித்த நாலு பேரும் பாஸ். எழுதிக் கொடுத்தவள் ரிப்பீட். விடுதியில் அன்றைக்கு இமேஷா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாளாம். சிங்களத்தில் ஆறுதல் சொன்னாளாம்.

கோடை விடுமுறையில் நான் மாத்தளைக்குப் போனேன். அவள் கெம்பஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். லீவு முடியப்போகிறது, பையை எடுத்துவைக்கிற மாதிரித் தெரியவில்லை. தினமும் அப்பாவோடு ஸ்பைஸ் கார்டனுக்குப் போய்விடுகிறாள் என்றார் அண்ணி. நானும் ஒருநாள் போனேன். மிளகுக் கொடிக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நெதர்லாந்தோ என்னவோ. அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு நிலானி பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, நடுவில் இரண்டு பிழை விட்டு, அதைப் பற்றிக் கவலைப்படாமல், மளமளவென்று ஆங்கிலத்தில். அவர்கள் கேட்ட குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் அப்போதைக்கப்போது பதில். அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் ஒரு கொக்கோ மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அவர்களுடைய வேன் போனபிறகு பக்கத்தில் போனேன். “இதே வாய்தானே நிலானி. அங்க ஏன் வரல?”

அவள் கையில் இருந்த கறுவாப் பட்டையை ஒடித்தாள்.

“இவங்க போயிடுவாங்க அத்தை. திரும்ப வரமாட்டாங்க. பிழையாப் பேசினாலும் அந்தப் பிழையையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. போறவங்ககிட்ட இங்கிலீஷ் பேசலாம். கூடவே இருக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசுறது?”

டியூஷன் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்வி. அன்று சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்த மாதிரி இன்று தொடர முடியவில்லை. ஒரு டீச்சராக அதற்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் இருந்தது. “ரிப்பீட்டுக்குப் போ. நான் வேணும்னா வந்து அந்தப் பிள்ளைங்ககிட்டப் பேசுறேன்” என்றேன்.

“எந்த பாஷையில அத்தை?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மாலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பேசாம நீ அவள அங்க எடுத்துடு மாலா. அங்க இருந்தா இங்கிலீஷ் தானா வந்துடும்.” நான் சுவிஸ் நிலைமையை மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இங்கே வந்தால் ஜெர்மனை அரிச்சுவடியில் இருந்து தொடங்கவேண்டும், நான் இத்தனை காலம் இருந்தும் சமையலறையைத் தாண்டவில்லை, அவளுக்குக் கையில் இருக்கும் கெம்பஸும் போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். “உனக்கு அவள வச்சுக்கிறது கஷ்டம்னா விடு” என்றார் கடைசியில். எனக்கு அழுகை வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் மொழிப் பிரச்சினை எதுவும் கிடையாது, இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

புறப்படுகிற நாள் நிலானி கண்டி பஸ் வரைக்கும் வந்தாள். ரிப்பீட்டுக்குப் போவேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார், நான் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே அவள் கையைக் காட்டிக்கொண்டே நின்றாள். கார்டனில் வேனில் ஏறியவர்களுக்கும் அவள் அப்படித்தான் காட்டியிருந்தாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இங்கே வந்தபிறகு சில மாதம் ஞாயிற்றுப் பேச்சு சுருங்கிவிட்டது. டூரிஸ்ட் சீசன், கார்டனில் வேலை அதிகம் என்பார் அண்ணன். புள்ள இப்ப இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குது, முதலாளியே கூப்பிட்டுச் சம்பளம் போட்டுக் கொடுக்கிறார் என்றும் சொன்னார். அவர் குரலில் பெருமை இருந்தது. ரிப்பீட் பரீட்சை எப்போது என்று கேட்டால், அவளே சொல்லுவா என்பார். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரியே இருந்துகொண்டேன்.

போன வாரம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நிலானி. “ஹலோ, நிலானி” என்பதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். “ஹலோ ஆன்ட்டி, ஹவ் ஆர் யூ? இஸ் இட் வெரி கோல்ட் தேர்?” குரலில் ஒரு தடங்கல் இல்லை. நலம் கேட்டாள், குளிரைக் கேட்டாள், வேலையைக் கேட்டாள். அத்தை என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. எத்தனை ஞாயிறு கேட்டுக் கேட்டு வராதது, இப்போது மடை திறந்த மாதிரி வருகிறது. முதல் நிமிடம் எனக்குள் பழைய டீச்சர் எழுந்து உட்கார்ந்து சந்தோஷப்பட்டாள். பிறகு நிலானி அதே குரலில், அதே மரியாதையோடு, “ஐ ஆம் நாட் கோயிங் பேக் டு கெம்பஸ், ஆன்ட்டி. ப்ளீஸ் டோன்ட் வொர்ரி” என்றாள்.

தமிழில் சொல்லியிருந்தால் அவளால் அதைச் சொல்லி முடித்திருக்க முடியாது. சொல்லியிருந்தால் நானும் விட்டிருக்கமாட்டேன். கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், உன் அப்பாவிடம் போனைக் கொடு என்றிருப்பேன். அவளுக்கு அது தெரியும். கூடவே இருக்கிறவர்களிடம் பேச முடியாததைப் போகிறவர்களிடம் பேசலாம் என்று அவள்தானே சொன்னாள். கண்டி பஸ் ஜன்னலில் நான் எந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

பஸ்ஸுக்குள் பெண்குரல் என் தரிப்பிடத்தை ஜெர்மனில் சொன்னது, பிறகு பிரெஞ்சில் சொன்னது. நான் எழுந்திருக்கவில்லை. வாய் நிறையத் தமிழ் நின்றது. ஆனால் முதலில் பேசியவள் அவள். ஆங்கிலத்தில் எனக்குக் கோபப்படத் தெரியாது. கெஞ்சவும் தெரியாது. இந்த ஊர் வழக்கப்படி அவளுடைய மொழியிலேயே பதில் சொன்னேன்.

“ஓகே நிலானி,” என்றேன். “தேங்க் யூ ஃபோர் டெல்லிங் மீ.”

“யூ ஆர் வெல்கம், ஆன்ட்டி” என்றாள். பஸ் என்னை ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோய் விட்டது.